நுவாலி வந்திருந்த பதினோரு மாதம்

கரும்பு வெட்டு தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபால் லாஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பிய மாசிலாமணி, முந்தின நாள் சாயங்காலம் வரை வெறும் தண்ணீராக இருந்த வளைகுடா வாயில் ஒரு தீவு நிற்பதைப் பார்த்து, இஞ்சின் வேகத்தைக் குறைத்து, அதன் தென்கரையைச் சுற்றிக்கொண்டு போனான். சுற்றி முடிக்க இருபது நிமிடம் கூடுதலாயிற்று. அடுத்த தீவில் தபால் பையை இறக்கிவிட்டு, தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'வழியில் நுவாலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் அதற்கு முன் நுவாலியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் அவன் பெண்டாட்டி தெரீனா அங்கே பிறந்தவள். கூரையில்லாத மாதாகோயில், உட்கார்ந்திருக்கும் நாய்களைப் போல இரண்டு பாறைகள், பாறைகளுக்கு நடுவே சாய்ந்த ஒற்றைத் தென்னை என்று பதிமூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அந்தத் தீவை மனப்பாடமாக்கி வைத்திருந்தாள்.

அப்போது எங்கள் தொடரில் ஒன்பது தீவுகள். மேற்கே நாங்கள் இருக்கும் பெரிய தீவான லொமைராவில் தொடங்கி, அறுநூறு மைல் கடலில், பை கிழிந்து சிந்திய அரிசிபோல ஒன்றுக்கொன்று சின்னதாகிக்கொண்டே கிழக்கே போய், நுவாலியில் முடியும். முதலில் வந்த ஸ்பானியர்கள் கரையிறங்காமலேயே ஒரு புனிதரின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள்; திமிங்கிலம் பிடிக்க வந்தவர்கள் தண்ணீரும் பன்றியும் வாங்கிக்கொண்டு அம்மை நோயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்; ஜெர்மானியர்கள் கொடிக்கம்பம் நட்டு, கொப்பரைக்காகத் தென்னைகளைச் சிப்பாய்களைப்போல வரிசையில் நிற்க வைத்தார்கள்; ஆங்கிலேயர்கள் அந்தக் கொடியை இறக்கித் தங்கள் கொடியை ஏற்றி, லொமைராவில் சர்க்கரை ஆலை கட்டி, ஆலைக்கு ஆள் வேண்டும் என்று சென்னைப் பட்டணத்துத் துறைமுகத்திலிருந்து எங்கள் அப்பன் ஆத்தாக்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். அஞ்சு வருஷ ஒப்பந்தம் என்று சொல்லி ஏற்றினார்கள். இறங்கியவர்களில் திரும்பிப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நுவாலி ஆயிரமாயிரம் வருஷமாகக் கடற்பறவைகள் வந்து தங்கிப் போன தீவு. அதனால் அதன் மண்ணே உரம். அதைக் கண்டுபிடித்த கம்பெனி ஓரத்திலிருந்து தோண்டத் தொடங்கி, பள்ளம் வீடுகளின் வாசல்வரை வந்தபோது, யுத்தம் முடிந்த மறு வருஷம், அங்கிருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரையும் கப்பலில் ஏற்றி எங்கள் தீவின் கிழக்குக் கரையில் தகரக் கொட்டகைகளில் இறக்கியது. ரெண்டு வருஷம், தோண்டி முடித்ததும் கூட்டிப் போய்விடுவோம் என்று சொன்னார்கள். அப்படி இறங்கியவர்களில் ஒருத்திதான் தெரீனா. அவள் புருஷனை யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் வேலைக்கென்று கொண்டுபோய்த் திருப்பி அனுப்பவில்லை. மூன்று வயது மகள் லூசே பஞ்சத்தில் இறந்து, மாதாகோயிலுக்கு வடக்கே புதைக்கப்பட்டிருந்தாள். இறங்கி இரண்டு வருஷம் கழித்து மாசிலாமணி தெரீனாவைக் கட்டிக்கொண்டான். அவள் ஆலைக் கூலிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு வந்து, எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு, எங்களைவிடக் காரமாக மீன் குழம்பு வைத்தாள். குழந்தை மட்டும் பிறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வேலியோரம் வந்து, "தெரீனா, உங்க ஊரு வந்து நிக்குதாம், பாத்தியா?" என்று கேட்டாள். தெரீனா எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். குளித்து, தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனாள். அங்கே நுவாலிக்காரர்கள் ஏற்கெனவே ஓடங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. பெண்கள் கையில் விளக்குமாறு இருந்தது. பதினைந்து வருஷம் கூட்டாமல் கிடந்த வாசல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தோம். பூங்காவனம்தான் முடிவு சொன்னாள். ஆலையின் உரக்கொட்டகையில் இருபத்தைந்து வருஷம் கூட்டிப் பெருக்கியவள், புருஷன் இல்லாதவள், அவள் சொன்னால் லைன் முழுக்கக் கேட்கும்.

"அவ்ளோ தூரம் வந்திருக்கு. வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

நுவாலியில் ஆறும் கிடையாது, ஊற்றும் கிடையாது, மழையை நம்பிய பூமி என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஆலைக்குப் போக வேண்டியவர்கள் அன்று அரைநாள் போகாமல், பீப்பாய்களிலும் குடங்களிலும் தண்ணீரை ஏற்றிப் போய் அந்தத் தீவின் கரையில் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற அது குடித்தது; வெகுதூரம் நடந்து வந்தவர் தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோல ஒரு சத்தம் பாறைகளுக்குள்ளிருந்து கேட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி துளுக்காணம் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி சுற்றி, எந்த இடத்தில் பொட்டு வைப்பது என்று தேடி, கடைசியில் அந்த நாய்ப் பாறைகளில் ஆளுக்கொரு பொட்டு வைத்தார்.

மத்தியானம் ஜில்லா அதிகாரி விட்லி துரை வெள்ளைத் தொப்பியோடு வந்து சேர்ந்தார். நுவாலிக்காரர்களின் தலைவர் பாவோரோ, அறுபது வயது மனிதர், கையில் விளக்குமாற்றோடு அவரை எதிர்கொண்டார். மூன்று பாஷையும் தெரிந்த மாசிலாமணி நடுவே நின்று மாற்றிச் சொன்னான்.

"இது எப்போது வந்தது?" என்று கேட்டார் விட்லி.

"ராத்திரி வந்திருக்கும். பகல்ல வந்திருந்தா பாத்திருப்போம்," என்றார் பாவோரோ.

"எதற்காக வந்தது?"

"ரெண்டு வருஷம்னு சொல்லித்தான் எங்களக் கூட்டிட்டு வந்தீங்க. பதினஞ்சு ஆயிடுச்சு. என்ன ஆனாங்கன்னு பாக்க வந்திருக்கும்."

விட்லி அதை அப்படியே எழுதிக்கொண்டார். நல்ல மனிதர், கேட்டதை எழுதாமல் விடமாட்டார். தலைநகரத்துக்குத் தந்தி போயிற்று. எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வரைபடத்தில் நுவாலி கிழக்கே அறுநூறு மைலில் இருக்கிறது. அடுத்த நில அளவை வரை வரைபடத்தை மாற்ற முடியாது. ஆகவே வளைகுடாவில் இருப்பது எதுவானாலும் நுவாலி அல்ல. அதன்மேல் ஏறுகிறவர்கள் மீன்பிடிக்கப் போனவர்களாகப் பதியப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. கம்பெனியோ, தீவு எங்கே நின்றாலும் குத்தகை தன்னுடையது என்று கடிதம் எழுதிவிட்டு, இரண்டு இழுவைக் கப்பல்களை அனுப்பியது. விரல் பருமன் எஃகு வடங்களைப் பாறையில் கட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை இழுத்தார்கள். நாங்கள் கரையில் சோறு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தோம். தீவு அசையவில்லை. கப்பல்கள் இருந்த இடத்திலேயே கடலைக் கலக்கிக் கலக்கி, சேற்றுமீன்களை மேலே கொண்டுவந்ததுதான் மிச்சம். அந்த மீன்கள் இரண்டு நாள் குழம்புக்கு ஆயிற்று.

பிறகு அதுவும் பழகிப்போயிற்று. தீவு கிழக்கே நின்றதால் காலைச் சூரியன் எங்களுக்குக் கால்மணி நேரம் தாமதமாக வந்தது. ஆலைச் சங்கையும் கால்மணி நேரம் தள்ளி ஊதினார்கள். அதனால் சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினார்கள். நுவாலிச் சேவல்கள் கூவ எங்கள் சேவல்கள் பதில் கூவின. எங்கள் லைனில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட இடமில்லாமல், பாவோரோவைக் கேட்டு, கூரையில்லாத மாதாகோயிலுக்குப் பக்கத்தில் வாழை கட்டித் தாலி கட்டினோம்; நுவாலிப் பெண்கள் பாட, எங்கள் பெண்கள் குலவையிட, வந்த மேகம்கூட மழை பெய்யாமல் நின்று கேட்டுவிட்டுப் போயிற்று. அந்த மாதங்களில் நடை பழகிய பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நீந்தச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தெரியாது. இரண்டு கரைக்கு நடுவே வளர்ந்ததால் தானாக வந்துவிட்டது.

தெரீனா மட்டும் ஒவ்வொரு நாளும் போய்த் தேடிக்கொண்டிருந்தாள். மாதாகோயில் படியிலிருந்து வடக்கே அறுபது அடி, ஒரு தாழம்புதர், அதற்குப் பின்னால் வெள்ளைக் கல் பதித்த சின்ன மேடு. அவள் மனசில் அது அப்படியே இருந்தது. ஆனால் படியிலிருந்து இருபதாவது அடியிலேயே பள்ளம் தொடங்கியது. இரண்டு ஆள் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுக்க முடியாத பவளக்கல் தூண்களை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். தெரீனா தான்தான் இடத்தை மறந்துவிட்டதாக நினைத்தாள். வடக்கு எது என்று மறுபடி மறுபடி பார்த்தாள். தீவு வரும்போது திரும்பி நின்றுவிட்டதோ என்று பாவோரோவிடம் கேட்டாள். படியிலிருந்து கிழக்கே அறுபது அடி அளந்தாள், மேற்கே அளந்தாள். நாற்பது நாள் அளந்தாள். சாயங்காலம் லாஞ்சில் அவளை ஏற்றிவரும் மாசிலாமணி, அவள் பாதத்தில் பவளக்கல் கிழித்த காயங்களைப் பார்த்துக்கொண்டே வருவான்.

நாற்பத்தோராம் நாள் அவன் தபால் வேலையை முடித்துவிட்டு மத்தியானமே வந்தான். அவள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"தேடாத தெரீனா," என்றான்.

"எங்கியோதான் இருக்கணும். மேடு எங்க போயிடும்?"

"இங்க இல்ல. அந்த மண்ணு இங்க இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நின்றபடியே சொன்னான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நுவாலி மண்தான் மூட்டை மூட்டையாக வரும். ஆலைக் கொட்டகையில் அதை அரைத்து மாவாக்கிக் கரும்புத் தோட்டங்களில் தூவுவார்கள். ஒருநாள் ஒரு மூட்டை தோளிலேயே கிழிந்து கொட்டியது. மண்ணோடு எலும்பு. சின்னச் சின்ன எலும்பு. பால்பல் முளைத்த ஒரு தாடை. மேஸ்திரி பார்த்துவிட்டு, பறவை எலும்பு, அள்ளி அரவையில் போடு என்றான். பறவைக்கு ஏது பல்? அவனும் கொட்டகை கூட்டும் பூங்காவனமும் மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் கையில் அகப்பட்டதையெல்லாம் ஒரு கோணிப்பையில் பொறுக்கினார்கள். அதற்கு முன்னால் எத்தனை மூட்டை அரவைக்குள் போயிருந்ததோ தெரியாது. பையைக் கொண்டுபோய்ப் பதினாலாம் நம்பர் தோட்டத்து வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். வேறென்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

தெரீனா பள்ளத்துக்குள் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நம்ம கல்யாணம் ஆயி ரெண்டு வருஷம்."

"ஆமா."

"தெனமும் ஒரே தட்டுல சாப்பிட்டோம். சொல்லல."

"சொல்லணும்னுதான் வீட்டுக்கு வருவேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வராது."

"பதினாலாம் நம்பர் தோட்டத்துக் கரும்பு இனிப்புன்னு ஒடிச்சிட்டு வருவியே," என்றாள். "நான் தின்னேனே."

அன்று சாயங்காலம் அவள் லாஞ்சில் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. தகரமும் தாழை ஓலையும் வைத்துத் தன் தாய் வீடு இருந்த மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். மாசிலாமணி கொண்டுவந்து வைத்த அரிசியை எடுத்துக்கொண்டாள், அவனிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் பூங்காவனம் போனாள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அவளோடு தெரீனாவும், அந்த இடுகாட்டில் பிள்ளைகளைப் புதைத்திருந்த இன்னும் பத்துப் பெண்களும் வந்தார்கள். நேராகப் பதினாலாம் நம்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அறுவடைக்கு நின்ற கரும்பு. ஆளைவிட இரண்டு மடங்கு உயரம். மாசிலாமணிதான் தோண்டினான். கோணி மக்கிப் போயிருந்தது, எலும்புகள் இருந்தன. பதினோரு பெண்களும் குனிந்து பார்த்தார்கள். எது யாருடைய பிள்ளை என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? முதலில் ஒருத்தி தன் மேல்துணியை விரித்தாள். எல்லாவற்றையும் அதில் வைத்தார்கள். படகில் போகும்போது அந்தத் துணி ஒருத்தி மடியிலிருந்து அடுத்தவள் மடிக்கு, அவளிடமிருந்து அடுத்தவளுக்கு என்று பதினோரு மடியிலும் இருந்துவிட்டு நுவாலி போய்ச் சேர்ந்தது.

புதைக்கப் போனபோது மூட மண் இல்லை. பள்ளத்தின் அடியில் வெறும் பவளக்கல். பாவோரோ சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தத் தீவில் ஒரு குழந்தையை மூடும் அளவுக்குக்கூட மண் மிச்சமில்லை.

பூங்காவனம் படகேறித் திரும்பி வந்தாள். பதினாலாம் நம்பர் தோட்டத்தில் ஒரு கூடை சிவப்பு மண்ணை வெட்டி, தலையில் வைத்துக்கொண்டு லைன் வழியாக நடந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் நடந்துகொண்டே பதில் சொன்னாள்:

"நாப்பது வருஷமா அவங்க மண்ணத்தான நம்ம கையால தோட்டத்துல தூவுனோம். இதுல பாதி அவங்களுது. கொண்டுபோய்ப் போடறேன். வரவங்க வாங்க."

முதல் நாள் ஏழு கூடை போயிற்று. அடுத்த வாரம் லைன் முழுக்கப் போயிற்று. சாயங்காலச் சங்கு ஊதியதும் கரும்பு வெட்டிய கத்தியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்போம்; தோட்டத்திலிருந்து கரைவரை வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றுவோம்; கரையில் கோணியில் கட்டியதை ஓடங்களும், தபால் வேலை முடிந்த லாஞ்சும் கொண்டுபோகும். எங்கள் அப்பன் ஆத்தாக்கள் குனிந்து தூவிய மண்ணை நாங்கள் குனிந்து வெட்டினோம். வெட்டும்போது அவர்கள் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவர்கள் இருமிய இருமலும், இரவில் முதுகில் பூசிக்கொண்ட எண்ணெயின் வாசனையும், திரும்பிப் போனதும் என்ன செய்வேன் என்று அவர்கள் போட்ட கணக்குகளும் ஞாபகத்துக்கு வந்தன. ஆலை மேனேஜர் தோட்டத்துக்கு வந்து கத்தினார், போலீசைக் கூப்பிட்டார், விட்லி துரை வந்து பார்த்துவிட்டு, மண்ணை எடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று தேடச் சொல்லித் தலைநகரத்துக்கு எழுதினார். பதில் வர ஐந்து மாதமாயிற்று. அதற்குள் பதினாலாம் நம்பர் தோட்டம் இடுப்பளவு பள்ளமாகி, மழைத் தண்ணீர் தேங்கி, அல்லி பூத்துவிட்டது.

மாசிலாமணி தினமும் மண் ஏற்றி வருவான். தெரீனா இறக்குவாள். ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்து, மூட்டை மூட்டையாகப் பள்ளத்தில் சாய்ப்பார்கள். பேச்சில்லை. நாங்கள் அவர்களைப் பார்க்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டோம். அப்படியே மழைக்காலம் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. மாசி மாதத்தில் ஒருநாள் மூட்டையை இறக்கும்போது அவள், "கோணிய ரெட்டத் தையலா போடச் சொல்லு. வழியெல்லாம் சிந்துது," என்றாள். அவன் தலையாட்டினான். படகுக்குத் திரும்பியவன் இஞ்சினைக் கிளப்ப மறந்து சும்மா உட்கார்ந்திருந்தான் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள்.

வந்த மண்ணில் என்னென்ன இருந்ததோ, மூடிய பள்ளங்களில் தானாக முளைத்தது. துவரை முளைத்தது, கறிவேப்பிலை முளைத்தது, எங்கள் அப்பன் ஆத்தாக்கள் கப்பலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த கீரை விதைகள் முளைத்தன. நுவாலிக்காரர்கள் ஓரத்தில் தாழையும் சீமைப்பலாவும் நட்டார்கள். குழந்தைகளை வைத்து மூடிய இடத்தில் பதினோரு வெள்ளைக் கல் பதித்தார்கள்.

பதினோராவது மாதம், ஒரு காலை, சூரியன் சீக்கிரம் வந்துவிட்டதாக எல்லாருக்கும் தோன்றியது. வெளியே வந்து பார்த்தபோது தீவுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் கூடியிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் முந்தின நாள் அவ்வளவு இல்லை. பாவோரோ கரையில் நின்று பார்த்துவிட்டு, "வயிறு நெறஞ்சிடுச்சு. கெளம்புது," என்றார்.

நுவாலிக்காரர்களுக்கு அது வந்ததைவிடப் போவதுதான் கஷ்டமாயிற்று. இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆலையில் வேலை இருந்தது. இங்கேயும் பதினைந்து வருஷத்துக் கல்லறைகள் இருந்தன. ஏறிப் போகிறவர்களுக்கு லொமைராவில் இனி வீடு கிடையாது என்று தலைநகரம் அறிவித்தது. வீடுகளுக்குள் சண்டை நடந்தது; அண்ணன் ஏறினான், தம்பி நின்றான். கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். தெரீனாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் மாசிலாமணியிடம் வா என்று சொல்லவில்லை. அவன் இரு என்று சொல்லவில்லை. பூங்காவனம் மட்டும் அவனிடம் போய், "ஒரு வார்த்த கேளேண்டா," என்றாள்.

"கேக்கற யோக்யத எனக்கு இருக்கா அக்கா?"

"யோக்யத இருக்கறவன் எவனாவது பொண்டாட்டிகிட்ட பேசியிருக்கானா? போடா."

அவன் கேட்கவில்லை. ஆனால் தினமும் போனான். தீவு நாளுக்குக் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தது. ஒரு வாரத்தில் கால்மணி நேரப் பயணம். ஒரு மாதத்தில் ஒரு மணி. இரண்டாம் மாதத்தில் மூன்று மணி. அவன் தபால் வேலையை முடித்துவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் நாங்கள் கொடுத்தனுப்பும் ஊறுகாயும் கடிதங்களும் ஏற்றிக்கொண்டு போவான்; அங்கே கால்மணி நேரம் நிற்பான்; தெரீனா கொடுக்கும் தேங்காயையும் காய்ந்த மீனையும் வாங்கிக்கொண்டு திரும்புவான். நாங்கள் கரையில் காத்திருந்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்போம். "நல்லா இருக்கா," என்பான். போகப் போக அவன் இருட்டித் திரும்பலானான். தபால் லாஞ்சின் எல்லை முடிந்துவிட்டது, டீசலுக்கு அனுமதி கிடையாது என்று தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்தது. அப்போது விட்லி துரை வேறு காலனிக்கு மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். பெட்டி கட்டி முடித்த பிறகு கடைசிக் கையெழுத்தாக மூன்று பீப்பாய் டீசலுக்குப் போட்டார். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டார். கேட்டதை எல்லாம் எழுதுகிற மனிதர் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது போன லாஞ்சு, அன்று திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. ஓட்டி வந்தவர் பாவோரோவின் தம்பி தவேரா. இங்கே ஆலையில் வேலை பார்த்தவர், சொந்தத் தீவைப் பார்த்துவர அவனோடு போயிருந்தவர். லாஞ்சின் சாவியையும், தபால் இலாகாத் தொப்பியையும், மடித்து வைத்த காக்கிச் சட்டையையும் தபாலாபீசில் ஒப்படைத்தார்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆலை மூடிவிட்டது, கொடி மாறிவிட்டது, எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறார்கள். நுவாலி தன் பழைய இடத்தில் போய் நின்றதும் கம்பெனிக் கப்பல் ஒன்று அங்கே போய்த் தோண்டிப் பார்த்து, வெறும் தோட்டத்துச் செம்மண், உரத்துக்கு உதவாது என்று எழுதிவிட்டுப் போனதாகச் செய்தி வந்தது. நாங்கள் அதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போதும் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், அந்தப் பதினோரு மாதத்தில் மண் சுமந்து காய்த்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டே, காலை வெயில் தாமதமாக வந்ததையும், இரண்டு ஊர்ச் சேவல்களும் பேசிக்கொண்டதையும் பேசுவோம். அதற்குப் பிறகு அவ்வளவு வேலையும் நாங்கள் செய்யவில்லை, அவ்வளவு சந்தோஷமும் எங்களுக்கு வரவில்லை.

தவேரா துறைமுகப் படியில் உட்கார்ந்து, பூங்காவனம் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னது இது. அன்று அவர்கள் நுவாலி போய்ச் சேரும்போதே சூரியன் சாய்ந்துவிட்டது. மாசிலாமணி சாமான்களை இறக்கினான். வழக்கம்போலத் திரும்பக் கிளம்பியவன் மேற்கே பார்த்தான், வெறும் கடல்; டீசல் பீப்பாயைத் தட்டிப் பார்த்தான். தெரீனா தண்ணீருக்குள் முழங்கால் வரை வந்து நின்றாள்.

"இன்னிக்கு இனிமே திரும்ப முடியாது," என்றாள்.

"காலைல கெளம்பிடறேன்."

"காலைல இன்னும் தூரமாயிருக்கும்."

அவன் லாஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். பிறகு, "நான் சொல்லாம இருந்தது..." என்று தொடங்கினான்.

"அதத்தான் தெனமும் மூட்ட மூட்டையா சொன்னியே," என்றாள் தெரீனா. லாஞ்சின் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கித் தென்னையில் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"வா. பாய அகலமா முடைஞ்சிருக்கேன்."